மைனஸ் பத்து அடி: நீர்மட்டச் செய்தியை எப்படி வாசிப்பது?

குமரி மாவட்டத்துப் பத்திரிகைப் பக்கங்களில் தினமும் வரும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி உண்டு. தலைப்பு பெரும்பாலும் 'அணைகளின் நீர்மட்டம்'. பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு 1, சிற்றாறு 2, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். முதல் இரண்டுக்கு மட்டும் கூடவே நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. அவ்வளவுதான். எழுதியவர் பெயர் கிடையாது, வினைச்சொல் அதிகம் கிடையாது. கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். இந்த ஏழெட்டு வரிகளை எங்கள் ஊரில் எத்தனை பேர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள் என்று பார்த்தால், எந்த நாவலாசிரியருக்கும் பொறாமை வரும். ஆகவே இதையும் ஒரு பிரதியாக எடுத்து, அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது. இந்தக் குறிப்பு அதற்குத்தான்.

பூதப்பாண்டி என்றால் வெளியூர்க்காரர்கள் உடனே சொல்வது ஜீவா பிறந்த ஊர் என்று. சரிதான். ஊர்க்காரனுக்கு அதற்கு முன்னால் இது பழையாற்றங்கரை ஊர். பழையாறு மலையடிவாரத்தில் தொடங்கி எங்கள் ஊரைத் தொட்டு, தாழக்குடி, வீரநாராயணமங்கலம் பக்கமாக இறங்கி, மணக்குடிக் காயலில் கடலோடு சேர்கிறது. நீளம் குறைவுதான். ஆனால் நாஞ்சில் நாட்டு ஏலாக்களில் பெரும்பகுதி இதை நம்பித்தான் கிடக்கிறது. அதுவும் பழையாற்றின் சொந்த வெள்ளம் போதாது என்றுதான், பறளியாற்றை மறித்து அதன் வெள்ளத்தை இந்தப் பக்கம் திருப்பும் பாண்டியன் அணையைக் கட்டினார்கள். பாண்டிய மன்னர் காலத்து அணை என்பார்கள், பெயரே அதைச் சொல்கிறது. பிறகு புத்தன் அணை. அப்புறம் திருவிதாங்கூர் காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த பேச்சிப்பாறை. கடைசியாக 1950-களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி. இவை எல்லாம் சேர்ந்துதான் கோதையாறு பாசனத் திட்டம்; அரசாணைகளில் 79,000 ஏக்கர் என்று வரும். ஒரு ஆற்றின் நீரை இன்னொரு ஆற்றில் சேர்ப்பது பற்றி நாடே இப்போது பேசுகிறது. இங்கே அது எப்போதோ நடந்து முடிந்து, மறந்தும் போய்விட்டது.

இனி பெட்டிச் செய்திக்கு வருகிறேன்.

முதல் சிக்கல் 'அடி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. பெருஞ்சாணி 77 அடி. மாம்பழத்துறையாறு 54.12 அடி. ஒன்றன்கீழ் ஒன்றாக இப்படி அச்சாகும்போது வாசிக்கிறவர் மனதில் என்ன உருவாகும்? டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "பெருஞ்சாணிதானேடே பெரிய டேமு? எழுபத்தேழு அடியில்லா?" அவரைக் குறை சொல்ல முடியாது. செய்தி அப்படித்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உண்மையில் பேச்சிப்பாறை நிறைந்தால் 4,350 மில்லியன் கன அடி. பெருஞ்சாணி 2,890. வில்லுக்குறிப் பக்கம் இருக்கும் மாம்பழத்துறையாறு, பேச்சிப்பாறையைவிட ஆறு அடி 'உயரம்', ஆனால் கொள்ளளவு 44.54 மில்லியன் கன அடிதான். கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. ஒரு குடத்தையும் ஒரு குளத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தண்ணி எத்தனை விரல் ஆழம் என்று மட்டும் சொல்வது மாதிரி இது.

சராசரியாக ஒரு அடிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பேச்சிப்பாறையில் ஒரு அடி சுமார் 90 மில்லியன் கன அடி. பெருஞ்சாணியில் சுமார் 37. மாம்பழத்துறையாற்றில் ஒன்றுகூட இல்லை, 0.8 சொச்சம். 'பெருஞ்சாணி நீர்மட்டம் ஒரே நாளில் இரண்டு அடி உயர்வு' என்ற தலைப்பும் 'பேச்சிப்பாறை ஒரு அடி உயர்வு' என்ற தலைப்பும் வந்தால், இரண்டாவதுதான் பெரிய செய்தி. தலைப்பு எழுத்தின் அளவு அப்படிச் சொல்லாது.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சராசரி என்றேன், ஆனால் நீர்த்தேக்கம் நேர்ச்சுவர் தொட்டி இல்லை. மலைப் பள்ளத்தாக்கு அது. மேலே அகலம், கீழே ஒடுக்கம். மேல் அடியில் நிறைய நிற்கும், கீழ் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். கோடையில் இதுதான் உயிர்போகிற விஷயம். 45-இலிருந்து 35-க்கு இறங்கிய பத்து அடியும், 25-இலிருந்து 15-க்கு இறங்கும் பத்து அடியும் ஒன்றல்ல. மாசி மாதம் கும்பப்பூ கடைசித் தண்ணிக்கு ஏங்கி நிற்கும்போது, கடைவரம்பு விவசாயி பேப்பரைப் பார்த்துவிட்டு, "டேமுல பாதிக்கு மேல கிடக்கே, ஏன் ஷட்டரை அடைச்சான்?" என்று கேட்கிறார். 48-இல் பாதி 24. ஆனால் 24 அடி என்பது பாதித் தண்ணி இல்லை, பாதியைவிடக் குறைவு. இந்தப் பக்கம் அதிகாரி 'குடிநீருக்கு இருப்பு வைக்க வேண்டும்' என்கிறார். அவர் கையில் கொள்ளளவு அட்டவணை இருக்கிறது. எந்த அடிக்கு எத்தனை மில்லியன் கன அடி என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். விவசாயி கையில் பேப்பர்தான் இருக்கிறது. இருவரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வெவ்வேறு தண்ணியைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அந்த அட்டவணையிலிருந்து ஒரே ஒரு எண்ணை, இன்றைய இருப்பு இவ்வளவு என்று, அடிக்குப் பக்கத்தில் சேர்த்தால் பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதி நியாயமான சண்டை, அது நடக்கட்டும்.

சென்னைக்காரர்களுக்கு இது பழக்கமாகிவிட்டது. குடிநீர் வாரியம் தன் ஏரிகளின் நிலவரத்தைத் தினமும் வெளியிடுகிறது: முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, வரத்து, வெளியேற்றம், அத்தோடு சென்ற வருடம் இதே நாளில் எவ்வளவு இருந்தது என்பதும். செம்பரம்பாக்கம் 24 அடி ஏரி, 3,645 மில்லியன் கன அடி. 2015 வெள்ளமும் 2019 வறட்சியும் பார்த்த ஊர்; அங்கே சாதாரண மனிதர்கூட டிஎம்சியில் பேசுகிறார். மத்திய நீர் ஆணையம் பெரிய அணைகளுக்கு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையும் அப்படித்தான்: கொள்ளளவு, சென்ற ஆண்டு, பத்தாண்டுச் சராசரி. எண் ஒன்றுதான், ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒப்பிட இன்னொரு எண் நிற்கிறது. நம் பெட்டிச் செய்தியில் எண் தனியாக நிற்கிறது. 'பேச்சிப்பாறை 22.40' என்றால் அது ஏப்ரலுக்கு நல்லதா கெட்டதா என்று தெரிய, வாசகர் தன் ஞாபகத்தைத்தான் துழாவ வேண்டும்.

இப்போது முக்கடல். எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சிறிய அணை நாகர்கோவிலின் குடிநீருக்காகத் திருவிதாங்கூர் காலத்தில் கட்டியது. மட்டம் 25 அடி. நல்ல கோடையில் இதன் எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு முளைக்கும். 'முக்கடல் மைனஸ் 5', 'மைனஸ் 10' என்று. உலகத்தில் வேறு எந்தச் செய்தியிலும் இவ்வளவு அமானுஷ்யமான வாக்கியத்தை நான் வாசித்ததில்லை. இல்லாத தண்ணிக்குக் கீழே இன்னும் பத்து அடி இல்லாத தண்ணியா?

விளக்கம் எளிது. அளவுகோலின் சுழி, அணையின் தரை இல்லை. சாதாரணமாகத் தண்ணி எடுப்பதற்கு வைத்துக்கொண்ட ஒரு தொடக்கப் புள்ளி. அதற்குக் கீழேயும் குழியில் வெள்ளம் கிடக்கும். தானாக வராது, பாடுபட்டு எடுக்க வேண்டும். சேறும் வண்டலும் கலந்திருக்கும். ஆக 'மைனஸ்' என்பது நகரம் தன் கைவைப்பை உடைத்துச் சாப்பிடுகிறது என்பதற்கான அறிவிப்பு. அதைச் செய்தி அறிவிப்பாகச் சொல்வதில்லை. பேச்சிப்பாறைக்கும் பெருஞ்சாணிக்கும் கீழே, அதே எழுத்தில், அதே குரலில், கடைசி வரியாகச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறது. மைனஸ் எத்தனையில் முற்றாக வற்றும்? அந்தக் கடைசி எண் எது என்று பெட்டியில் இருக்காது. மேல் எல்லை 25 என்று எல்லாருக்கும் தெரியும், கீழ் எல்லை தெரியாது.

இந்த மேல்-கீழ் ஏற்றத்தாழ்வுதான் என் முக்கியமான புகார். பேச்சிப்பாறைக்கு வெள்ள அபாய அளவு என்று ஒன்று உண்டு, 42 அடி. அதைத் தாண்டினால் தலைப்புச் செய்தி, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை, கேமராக்கள். அளவுகோலில் மேலே ஒரு கோடு போட்டிருக்கிறோம். கீழே கோடு இல்லை. எத்தனை அடிக்கு இறங்கினால் ஒரு பூவைக் கைவிட வேண்டும், எத்தனைக்கு இறங்கினால் முறைவைத்துத் திறக்க வேண்டும், எத்தனைக்கு இறங்கினால் குடிக்க மட்டும் என்று முன்கூட்டியே அறிவித்த ஒரு வரிசை பொதுமக்கள் கண்ணில் படுவதில்லை. வறட்சி மெதுவாக வருவதால் அதற்குச் செய்தி மதிப்பு இல்லை என்று பத்திரிகை நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் மெதுவாக வருவதற்குத்தானே கோடு போட்டு வைப்பது எளிது?

பழைய உலகத்துக்கு இது தெரிந்திருந்தது. நைல் நதியின் ஏற்றத்தை எகிப்தியர்கள் முழக்கணக்கில் அளந்தார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் கணக்கில், 12 முழம் என்றால் பஞ்சம், 13 என்றாலும் பசிதான், 14 மகிழ்ச்சி, 15 கவலையின்மை, 16 கொண்டாட்டம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மனநிலை. கெய்ரோவின் ரோடா தீவில் கி.பி. 861-இல் கட்டிய நீரளவுத் தூண் இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்து வரி வைத்தார்கள் என்பது வேறு கதை; ஆனால் எண் ஒரு முடிவோடு கட்டப்பட்டிருந்தது. ஐரோப்பாவில் எல்பா நதியில் 'பசிக் கற்கள்' இருக்கின்றன. நதி மிகவும் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் பாறைகள். வற்றிய வருடங்களை அவற்றில் செதுக்கி வைத்தார்கள். செக் நாட்டின் தெச்சீன் நகரில் உள்ள கல்லில் 1616 என்ற வருடம் இன்றும் வாசிக்கும்படி இருக்கிறது. 2018-லும் 2022-லும் மீண்டும் வெளியே தெரிந்தன. வெள்ளக் குறியை எல்லா ஊரிலும் சுவரில் எழுதி வைப்பார்கள். வற்றின குறியை எழுதி வைத்த ஊர்கள் குறைவு.

நம் ஊர்ப் பாலத்தூணிலும் கோயில் படித்துறையிலும் அப்படி ஏதாவது வெட்டியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அடுத்தது 'நீர்வரத்து'. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வரி, காரணம் அதில் ஒரு ரகசியம் உண்டு. கோடையில் 'பேச்சிப்பாறைக்கு விநாடிக்கு 40 கன அடி வரத்து' என்று வந்தால், யாரோ மலையில் ஓடையோரம் நின்று அளந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பொதுவாக அணைகளில் வரத்தை அப்படி நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். நேற்றைய இருப்பு, இன்றைய இருப்பு, இடையில் வெளியே விட்டது. இவற்றைக் கூட்டிக் கழித்தால் உள்ளே வந்தது. மழைக்காலத்தில் இந்தக் கணக்கு அருமையாக வேலை செய்யும். ஆயிரக்கணக்கில் வரும்போது பத்து, இருபது கூடினால் என்ன குறைந்தால் என்ன?

கோடையில் கதை வேறு. ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. பேச்சிப்பாறையில் ஒரு அடி சராசரி 90 மில்லியன் என்று வைத்தால், அடியில் நூறில் ஒரு பங்கு ஒன்பது லட்சம் கன அடி. அதை ஒரு நாளைக்கு வகுத்தால் விநாடிக்குப் பத்து கன அடி. அளவுகோலைப் பார்ப்பவர் காற்றில் சிற்றலை அடிக்கும் காலையில் 0.05 அடி கூட்டியோ குறைத்தோ எழுதினால், வரத்தில் ஐம்பது கன அடி தானாகப் பிறக்கும், அல்லது மறையும். மட்டம் இறங்கிக் கிடக்கும்போது அடிக்குரிய தண்ணி குறைவு என்பதால் இந்தப் பிழையும் கொஞ்சம் குறையும். ஆனாலும் அந்த '40 கன அடி' அளவுகோலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற எண். இன்னொன்று: அடியில் நூறில் ஒரு பங்கு மூன்று மில்லிமீட்டர். கோடை வெயிலில் ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து ஒரு நாளில் ஆவியாவதே சில மில்லிமீட்டர். சூரியன் குடித்ததா, மலை தராமல் விட்டதா என்று கடைசி இலக்கத்தை வைத்துப் பிரிக்க முடியாது. யாரும் பொய் சொல்லவில்லை. பெரிய தண்ணிக்காகச் செய்த தராசில் சின்னத் தண்ணியை நிறுத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நாஞ்சில் நாட்டுப் பாசனம் இருப்பைவிட வரத்தையே நம்பியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். இரண்டு பெரிய அணைகளும் நிறைந்தால் 7,240 மில்லியன் கன அடி. விநாடிக்கு ஆயிரம் கன அடி வீதம் திறந்தால், வரத்தே இல்லாவிட்டால், 84 நாளில் காலி. பாசனக் காலமோ ஜூன் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை, ஒன்பது மாதம். மீதி ஆறு மாதத்து வெள்ளம் எங்கிருந்து வருகிறது? தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறித் தந்து, காடு மெல்ல மெல்லக் கசிய விடுவதிலிருந்து. அந்தக் கசிவு எத்தனை நாள் நீடிக்கிறது, வருடத்துக்கு வருடம் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தலைவிதி. அதைக் காட்டக்கூடிய ஒரே மாதங்கள் மார்ச், ஏப்ரல், மே. மழை இல்லாதபோது ஆற்றில் ஓடுவதுதான் மலையின் சொந்தக் கையிருப்பு. சரியாக அந்த மாதங்களில்தான் நம் எண் நம்பத்தகாததாகிறது, செய்தியும் சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் ஆற்றையே அளக்கலாமே? பெட்டிச் செய்தியில் ஆறுக்கு இடமே கிடையாது. ஏழு அணை இருக்கும், பழையாறு இருக்காது. அணை அரசாங்கத்துடையது, அளக்க ஆள் உண்டு, ஆறு எல்லாருடையதும் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பழையாற்றில் அளப்பதும் லேசில்லை. சபரி, சோழந்திட்டை, பிள்ளைபெத்தான் என்று வரிசையாகத் தடுப்பணைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணி தேங்கி நிற்கும். பாலத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஆறு கரைமுட்ட இருப்பதாகத் தோன்றும், ஆனால் ஓட்டம் இருக்காது. போதாததற்கு ஆகாயத்தாமரை. அது அடைத்துக்கொண்டால் மட்டம் ஏறும், ஓட்டம் குறையும். அளவுகோல் ஏறுகிறதே என்று சந்தோஷப்பட்டால் ஏமாந்தோம். எங்கள் வீட்டுப் பாட்டா இதை ஒரு பிரிவாகவே சொல்வார்: "நிக்க வெள்ளம் வேற, ஓடுக வெள்ளம் வேற." நீரியல் பாடப் புத்தகத்தில் மட்டம், ஓட்டம் என்று இரண்டு அத்தியாயமாக இருக்கும். மட்டத்திலிருந்து ஓட்டத்தைக் கணிக்க ஒரு வளைகோடு வரைவார்கள். மணல் நகரும் ஆற்றில், குறைந்த தண்ணியில், அந்த வளைகோட்டின் அடிவால்தான் முதலில் பொய்க்கும். அடிக்கடி திரும்ப அளந்து திருத்த வேண்டும்.

குளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் குளங்கள் என்பது நமக்குப் பெருமை. அவற்றின் நிலவரம் செய்தியில் வந்தால் இன்ன விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியவை இத்தனை என்ற வகையில் ஒரு மொத்தமாக வரும். தனிக் குளம் எதற்கும் முகம் கிடையாது. இத்தனைக்கும் கோடையில் ஊர்க் கிணறுகளைத் தாங்குவது பெரும்பாலும் பக்கத்துக் குளம்தான்.

என் பார்வையில் இந்தப் பெட்டிச் செய்தி மோசமான எழுத்து இல்லை. சுருக்கம், ஒழுங்கு, தினசரி விடாமல் வருவது. இவை பெரிய குணங்கள். பழைய தாள்களை அடுக்கி வைத்தவருக்கு அதுவே ஒரு ஆவணக் களஞ்சியம். இந்த பிப்ரவரியிலிருந்து நானே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். அப்படி அடுக்கிப் பார்க்கும்போதுதான் ஒரு நாள் எண்ணைவிட, பத்து நாளில் இறங்கிய வேகம் அதிகம் பேசுகிறது என்று தெரிகிறது. குறை எங்கே என்றால், அணையைப் பராமரிக்கிறவர் கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்கிறது: எவ்வளவு உயரம் நிற்கிறது, மதகு தாங்குமா, நிரம்பி வழியுமா? ஏலாவில் நிற்பவரின் கேள்வி வேறு: இன்னும் எத்தனை நாள் வரும்? குடம் வைத்துக் காத்திருக்கும் நாகர்கோவில்காரியின் கேள்வியும் அதுதான். மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். அடிக்குப் பக்கத்தில் இருப்பு. அதற்குப் பக்கத்தில் போன வருடம் இதே நாள். முக்கடலுக்கு மைனஸின் கடைசிப் படி எது என்பது. ஏழு அணைகளுக்குக் கீழே எட்டாவது வரியாக, பழையாறு.

அந்த எட்டாவது வரிக்கு நாம் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் தடுப்பணைத் தேக்கம் எட்டாத, நேராக ஓடும் ஒரு இருபது முப்பது அடி நீளம் கிடைத்தால் போதும். அகலத்தை நாடா பிடித்து அளக்கவும். நாலைந்து இடத்தில் கம்பு ஊன்றி ஆழம் பார்த்துச் சராசரி எடுக்கவும். ஒரு ஆரஞ்சுத் தோலையோ சின்னத் தேங்காய்க் குரும்பையையோ மிதக்கவிட்டு, அந்த நீளத்தைக் கடக்க எத்தனை விநாடி என்று செல்போனில் பார்க்கவும். மேல் தண்ணி வேகமாக ஓடும், அடித்தண்ணி மெதுவாக ஓடும். ஆகவே கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கவும். முப்பது அடி அகலம், அரை அடி ஆழம், விநாடிக்கு ஒரு அடி வேகம் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று கன அடி. மூன்று நாலு தடவை மிதக்கவிட்டுச் சராசரி எடுத்தால் நல்லது. வாரம் ஒரு தடவை, ஒரே இடம், ஒரே நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை.

திட்டுவிளை, ஈசாந்திமங்கலம், தாழக்குடிப் பக்கம் வாசகர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊர்ப் பக்கத்தில் அளந்து தேதியோடு அனுப்புங்கள். ஜூனில் ஷட்டர் திறந்த பிறகு அளப்பது அணையின் வெள்ளமாகிவிடும். அதற்கு முன் வேண்டும். வந்ததையெல்லாம் ஒரே அட்டவணையாகப் போட்டு, அணை எண்களோடு பக்கத்தில் வைத்து அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.